தொப்பிக்காரரின் நடுக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் ஆங்கில மரபுத்தொடர்களை விளக்கும் பகுதியைத் தவறாமல் படிக்கிறேன். சென்ற வாரம் ‘மேட் ஆஸ் எ ஹேட்டர்’ (தொப்பி செய்பவரைப் போலப் பித்துப் பிடித்தவர்) என்ற தொடர், ‘ஆலிஸ் இன் வொண்டர்லாண்ட்’ என்ற ஆங்கிலச் சிறுவர் கதையில் வரும் தொப்பிக்காரரிடமிருந்து பிறந்ததாக எழுதியிருந்தீர்கள். அது சரியன்று. லூயிஸ் கரோலின் அந்தக் கதை வெளிவந்தது 1865இல். தொடர் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அச்சேறிவிட்டது.

இதைப் பிழைதிருத்தமாக மட்டும் நான் எழுதவில்லை. தொப்பி செய்த தொழிலாளர்கள் பட்ட பாட்டை மாணவர்கள் அறிய வேண்டும்.

அக்காலத்து ஃபெல்ட் (உரோமத்தை அழுத்திப் பின்னவைத்த துணி) தொப்பிகள் பெரும்பாலும் முயல் உரோமத்தால் ஆனவை. உரோமம் நன்றாகப் பின்னிக்கொள்வதற்காகத் தோலின் மேல் பாதரச நைட்ரேட் கரைசலைத் தேய்ப்பார்கள். காயும்போது உரோமம் காவி படர்ந்த கேரட் நிறமாகும். அதனால் அந்த வேலைக்கே ‘கேரட்டிங்’ என்று பெயர். பிறகு அதே உரோமத்தை வெந்நீரிலும் நீராவியிலும் இட்டுத் தொப்பியாக்கும்போது நச்சுப் பாதரச ஆவி எழும். காற்றோட்டமில்லாத அறையில் நாள் முழுவதும் அதைத்தான் சுவாசித்தார்கள். கை நடுங்கும், எச்சில் வடியும், ஈறு புண்ணாகும். கூச்சம் மிகுந்து ஆட்களைக் கண்டாலே ஒதுங்குவார்கள். திடீரென்று சினம் பொங்கும். பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள்.

நியூஜெர்சியில் ஃப்ரீமன் என்ற மருத்துவர் 1860இலேயே இந்நோயைப் பதிவு செய்துவிட்டார். கனெக்டிகட் மாநிலத்துத் தொப்பி நகரமான டான்பரியில் இதற்கு ‘டான்பரி நடுக்கம்’ என்றே பெயர் வழங்கியது. ஆனாலும் அமெரிக்காவில் தொப்பித் தொழிலிலிருந்து பாதரசம் விலக்கப்பட்டது 1941இல்தான். நோயைக் கண்டறிந்த பிறகும் எண்பத்தோர் ஆண்டுகள்! நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

தொடரின் வேர் இந்தப் பாதரச நோயல்ல என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அதையும் சேர்த்தே எழுதுங்கள். நோய் பற்றிய மருத்துவப் பதிவுகளை யாரும் மறுக்கவில்லை.

வகுப்பில் நானும் பல ஆண்டுகள் ஆலிஸ் கதையைச் சொல்லித்தான் இத்தொடரை விளக்கினேன்; பிள்ளைகள் சிரிப்பார்கள். உண்மை தெரிந்தபின் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த வாரப் பக்கத்தில் திருத்தத்தோடு அந்தத் தொழிலாளர்களைப் பற்றியும் நான்கு வரி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தஞ்சாவூர்.