ஒரே கடிதம், ஐந்து பல்கலைக்கழகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்க விண்ணப்பித்தாள். பிளஸ் டூ மார்க் இருந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்புறம் பார்த்தால் ஈசாட் என்று ஒரு நுழைவுத் தேர்வு, ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடத்தில் 27 கேள்வி, கால்குலேட்டர் கிடையாது, அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், யூகாஸில் (பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத் தளம்) விண்ணப்பம் போட்டால் தானாக வந்துவிடாது. இதை எங்கள் ஏஜென்ட் சொல்லவே இல்லை!

அவர் செய்த ஒரே வேலை, ரெடிமேடாக ஒரு தன்விவரக் கடிதம் கொடுத்தது. அதில் 'இம்பீரியலில் படிப்பதே என் வாழ்நாள் கனவு' என்று மூன்று இடத்தில். யூகாஸில் ஐந்து இடம் வரை விண்ணப்பிக்கலாம், எல்லாவற்றுக்கும் போவது அந்த ஒரே கடிதம். சரி, மற்ற நான்கு பல்கலைக்கழகத்துக்காரர்கள் அதைப் படித்துவிட்டு என்ன நினைப்பார்கள்? போதாக்குறைக்கு, காப்பியடித்ததைக் கண்டுபிடிக்க யூகாஸிடம் மென்பொருளே இருக்கிறது.

மகள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, வீட்டு போர் மோட்டாரைத் தாத்தாவோடு கழற்றிப் பார்த்த கதையிலிருந்து தானே எழுதினாள். இப்போதெல்லாம் அந்தக் கடிதத்தையே 3 கேள்விகளாகப் பிரித்துக் கேட்கிறார்கள், மொத்தம் 4,000 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. ஏஜென்டிடம் கட்டிய பணம் போனது போனதுதான்.

ஒரு தகப்பன், மதுரை