பூட்டியிருக்கான்னு பாக்க சாவி எதுக்குங்க?

லினக்ஸோட மையப் பகுதியான கர்னல்ல எஸ்பிஐ (சிப்போட பேசுற வழி), எம்டிடி (ஃப்ளாஷ் சேமிப்பு), எம்எஃப்டி (பல வேலை செய்யுற சிப்) டிரைவர்களைப் பாத்துக்கிற மெயின்டெயினர் எல்லாருக்கும் வணக்கம்.

நான் டிரைவர் எழுதுற ஆள் இல்லீங்க, ஆபீஸ் லேப்டாப்புகளை மேய்க்கிற ஆள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல், மெஷினை முதல்ல எழுப்புற பயாஸ் உக்காந்திருக்கிற ஃப்ளாஷ் சிப்பை யாரும் எழுத முடியாதபடி பூட்டி அனுப்பியிருக்காங்களா இல்ல தொறந்து போட்டுட்டாங்களான்னு, அவ்ளோதான். இன்டெல் மெஷின்ல இது மூணு பிட்டு சமாச்சாரம். பயாஸ் கன்ட்ரோல்ங்கிற ரெஜிஸ்டர்ல (சிப்செட்ல நிலையைக் குறிச்சு வைக்கிற இடம்) 0வது பிட் எழுத அனுமதி, 1வது பிட் பூட்டு, 5வது பிட் எஸ்எம்எம்குள்ள (ஃபர்ம்வேர், அதாவது பயாஸ் கோடு, மட்டும் ஓடுற தனி சிபியூ நிலை) இருந்தா மட்டும்தான் எழுத விடுவேன்ங்கிற காவல். இதைப் படிக்க சிப்பைத் தொடவே வேணாம், டிவைஸோட அமைப்பு விவரம் இருக்கிற பிசிஐ கான்ஃபிக்லயே கெடக்குது.

அந்த 5வது பிட்டை சாதாரணமா நினைக்காதீங்க. பூட்டு மட்டும் இருந்தா யாராவது எழுத அனுமதியை ஆன் பண்ணதும் எஸ்எம்எம்மை எழுப்புற எஸ்எம்ஐ சிக்னல் அடிச்சு ஃபர்ம்வேர் அதை ஆஃப் பண்ணிடும், ஆனா அந்த இடைவெளியில இன்னொரு கோர் எழுதிட்டுப் போயிடலாம். 2018ல ஈசெட்ங்கிற செக்யூரிட்டி கம்பெனி கண்டுபிடிச்ச லோஜாக்ஸ் ரூட்கிட் (ஒளிஞ்சிருந்து கெடுக்கிற நிரல்) இந்த ஓட்டப்பந்தயத்தையும் வச்சுதான் உள்ள பூந்துச்சு.

சரி, இந்த மூணு பிட்டைக் காட்டுற ஃபைலை எங்க வைக்கிறது? 2020ல இதுக்குன்னே ஒரு தனி மாட்யூல் பேட்ச் (கர்னல் கோடுக்கான திருத்தம்) வந்துச்சு, செக்யூரிட்டிஎஃப்எஸ்ல (கர்னலோட பாதுகாப்புத் தகவல் ஃபைல்கள் இருக்கிற இடம்) போடலாம்னும் பேச்சு ஓடுச்சு. இப்போ இன்டெல் எஸ்பிஐ டிரைவர்லயே பூட்டு நிலையைக் காட்டுற ஃபைல்கள் வந்தாச்சு. வன்பொருளுக்கு யார் சொந்தக்காரரோ அவர்தான் அதைப் பத்தி சொல்லணும்ங்கிற உங்க வாதம் எனக்குப் புரியுது, ஒரு பிசிஐ டிவைஸை ரெண்டு டிரைவர் பிடிச்சு இழுக்க முடியாதுங்கிறதும் நிஜம்தான்.

ஆனா அந்த டிரைவரோட பூர்வ கதை என்ன? 2017 டிசம்பர்ல உபுண்டு 17.10 டவுன்லோடையே நிறுத்த வேண்டியதாச்சு. இதே டிரைவரோட பழைய வடிவம் கர்னல்ல ஆன்ல இருந்ததால லெனோவோ லேப்டாப்புகள்ல பயாஸ் செட்டிங் சேவ் ஆகாமப் போச்சு, சிலதுல யூஎஸ்பில இருந்து மெஷினை ஸ்டார்ட் பண்றதே போச்சு, இத்தனைக்கும் அந்த ஜனங்க ஃப்ளாஷ் பக்கமே போகல. ஆஃப் பண்ணி 2018 ஜனவரில புது ஐஎஸ்ஓ விட்டாங்க. பின்னாடி கொஞ்ச காலம் கர்னல் செட்டிங்ல பேர் பக்கத்துலயே அபாயம்னு எழுதி வச்சிருந்த டிரைவர் அது! அதுக்கப்புறம் நீங்க எவ்வளவோ சரி பண்ணிட்டீங்க, கேக்காம ரைட் ப்ரொடெக்ஷனைத் தொடாதுன்னு ஆக்கிட்டீங்க, எல்லாம் சரி, சூடு கண்ட பூனை மறுபடி அடுப்பங்கரைப் பக்கம் வருமா? உபுண்டு மாதிரி டிஸ்ட்ரோக்காரங்க அதை பில்ட் பண்ணலேன்னா எனக்கு அந்த ஃபைலும் கிடையாது, எழுதுற கோடுக்குப் பயந்து படிக்கிற வசதியும் சேந்து போயிடுது.

ஏஎம்டி பக்கம் பாருங்க. செக்யூரிட்டி ப்ராசஸருக்கான சிசிபி டிரைவர்ல 2022லயே ரோம் ஆர்மர் (ஃப்ளாஷுக்கான காவல்) ஆன்ல இருக்கா, டீபக் வழி பூட்டியிருக்கான்னு படிக்க மட்டும் முடியுற ஃபைல்களா சிஸ்எஃப்எஸ்ல (டிவைஸ் விவரத்தை ஃபைலாக் காட்டுற இடம்) வச்சுட்டாங்க. அங்க ஃப்ளாஷ்ல எழுதுற கோடே இல்ல, அதனால யாருக்கும் பயமும் இல்ல.

அதனால என் கோரிக்கை இதுதான். டிரைவரை ரெண்டாப் பிரிங்க. டிவைஸைப் பிடிச்சு மூணு பிட்டைப் படிச்சுக் காட்டுற பகுதி எப்பவும் பில்ட் ஆகட்டும், ஃப்ளாஷ்ல எழுத வழி தர்ற எம்டிடி டிவைஸ் உண்டாக்குற பகுதி தனி ஆப்ஷனா இருக்கட்டும், வேணுங்கிறவங்க போட்டுக்கட்டும். பழைய சிப்செட்ல அந்த ரெஜிஸ்டர் எல்பிசி பிரிட்ஜ்ங்கிற டிவைஸ்ல இருக்கு, இன்டெலோட ஸ்கைலேக் தலைமுறை காலத்துல இருந்து தனி எஸ்பிஐ கன்ட்ரோலர்ல இருக்கு, இந்த ஐடி பட்டியல் எல்லாம் ஏற்கனவே உங்க கைலதான இருக்கு, கர்னலுக்கு வெளிய ஓடுற யூசர்ஸ்பேஸ் டூல் எழுதுறவங்க எதுக்கு இன்னொரு காப்பி வச்சுக்கிட்டு மாரடிக்கணும்? செக்யூரிட்டிஎஃப்எஸ் மட்டும் வேணாம், அது எல்எஸ்எம் (லினக்ஸ் செக்யூரிட்டி மாட்யூல்) ஆளுங்க இடம், இது அந்த டிவைஸுக்குக் கீழயே இருக்கிறதுதான் முறை.

பேட்ச் போட்டீங்கன்னா சொல்லுங்க, ரெண்டு தலைமுறை லேப்டாப்பும் எங்கிட்ட இருக்கு, டெஸ்ட் பண்ணித் தரேன். படிக்கிற டெஸ்ட் மட்டும்தான், எழுதுற டெஸ்டுக்கு என்னைக் கூப்பிடாதீங்க.