ஒழுகிய கூரைக்குச் செலவழித்ததை வருமானமாக எண்ணாதீர்கள்

மாண்புமிகு மத்திய நிதியமைச்சர் அவர்களுக்கும் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் உயர் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

உண்மையில் எவ்வளவு செலவானாலும், பழுது, பராமரிப்பு போன்றவற்றுக்காக வாடகை வருமானத்தில் நீங்கள் அனுமதிக்கும் 30 சதவீதக் கழிவைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது அப்படியே நிற்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டபோது இந்த ஒரு பிரிவாவது மாறும் என்று எதிர்பார்த்தேன். 2025இல் நிறைவேறிய சட்டத்திலும் அதே 30 சதவீதம்தான் இருக்கிறது என்று எங்கள் ஆடிட்டர் சொன்ன அன்று மாலையே இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பள்ளி ஆசிரியை. குரோம்பேட்டையில் 1999இல் நானும் கணவரும் கட்டிய வீட்டில் கீழே நாங்கள் இருக்கிறோம். மாடியில் இரண்டு போர்ஷன்கள். 2023இல் ஒவ்வொன்றுக்கும் வாடகை 9,500 ரூபாய். நாங்கள் ஏழைகள் அல்ல; வரி கட்ட மறுப்பவர்களும் அல்ல. சம்பளத்தில் பிடித்ததுபோக, வாடகையையும் ஒரு ரூபாய் மறைக்காமல் ஆண்டுதோறும் கணக்கில் காட்டி வருகிறோம்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியதை நீங்களும் அறிவீர்கள். முடிச்சூர் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எங்களுக்கு மேலேயிருந்து வந்தது. பின்பக்கப் போர்ஷனில் ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு குடியிருந்தார்கள். கூடத்துக் கொக்கியில்தான் தூளி கட்டியிருந்தார்கள். இரண்டு நாட்களாக நீர் கோத்திருந்த தளத்திலிருந்து, அந்தக் கொக்கிக்கு ஒரு முழம் தள்ளி, சாப்பாட்டுத் தட்டளவு காரை பெயர்ந்து விழுந்தது. சத்தம் கேட்டு நான் மேலே ஓடினேன். அந்தப் பெண் குழந்தையை மார்போடு அணைத்தபடி வாசற்படியில் நின்றாள். "குழந்தை தூளியில் இல்லை டீச்சர்" என்றாள். அவளால் அதற்கு மேல் பேச முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். துருப்பிடித்து உப்பிய கம்பி வெளியே தெரிந்தது.

அந்த வாரமே அவர்கள் காலி செய்துவிட்டார்கள். தடுக்க எனக்கு வாய் வரவில்லை. அட்வான்ஸைப் பிடித்தமில்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.

மழை விட்டதும் மேஸ்திரி வந்து சுத்தியலின் பின்புறத்தால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். பாதி இடத்தில் உள்ளே வெற்றுச் சத்தம் கேட்டது. மேலே இருந்த பழைய ஓடுகளையும் கலவையையும் கொத்தி எடுத்து, நீர்க்கசிவு தடுப்புப் பூசி, புது ஓடு பதிக்க 1,60,000 ரூபாய். கம்பியைச் சுரண்டி மருந்தடித்து உட்புறத் தளத்தைப் பூச 40,000. நனைந்த ஒயரிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து 32,000. மொத்தம் 2,32,000 ரூபாய். அன்று சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். வசிக்க விடும் வீட்டின் வாடகைக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் அந்த வரியைத் திரும்பப் பெறும் வழியும் எங்களுக்குக் கிடையாது.

நான்கு மாதம் ஒரு போர்ஷன் காலி. அந்த நிதியாண்டில் வந்த வாடகை 1,90,000 ரூபாய். சொத்து வரி 6,000 போக மிச்சம் 1,84,000. அதில் 30 சதவீதமான 55,200 ரூபாயைக் கழித்துவிட்டு, மீதி 1,28,800 ரூபாய் என் வருமானம் என்கிறது சட்டம். பழைய வரிமுறையில் 20 சதவீத வரம்பில் இருந்த நான், செஸ் உட்பட 26,790 ரூபாய் கட்டினேன். வந்த வாடகையைக் காட்டிலும் 42,000 ரூபாய் அதிகமாக அந்த வீட்டுக்கே செலவழித்த ஆண்டில், வராத வருமானத்துக்கு வரி கட்டியிருக்கிறேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். 30 சதவீதக் கழிவு அப்படியே இருக்கட்டும். ஆனால் கட்டடப் பழுதுக்கு அதைவிட அதிகமாக உண்மையிலேயே செலவழித்தவர், ரசீது காட்டி அந்தச் செலவைக் கழித்துக்கொள்ள அனுமதியுங்கள். ஒரே ஆண்டில் முடியாது என்றால் ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். வீடு கட்டி முடியும் முன் கட்டிய கடன் வட்டியை ஐந்து சம தவணைகளில் கழிக்க நீங்களே வழி வைத்திருக்கிறீர்கள். வட்டிக்குச் சரியான ஒன்று கூரைக்கு ஏன் ஆகாது?

எல்லா ஆண்டும் இப்படிச் செலவு வராது, சில ஆண்டுகளில் 30 சதவீதக் கழிவிலேயே பணம் மிஞ்சும் என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. ஆனால் அந்த ஆண்டுகளில் மிஞ்சியது அடுத்த பழுது வரை யார் வீட்டிலும் பெட்டியில் காத்திருப்பதில்லை. 2022இல் தமிழ்நாடெங்கும் சொத்து வரி பெருமளவு உயர்ந்தது. 2024இல் மேலும் 6 சதவீதம் ஏறியது. மாடி மோட்டாரின் மின் கட்டணமும் ஏறியது. வாடகையை அதே வேகத்தில் ஏற்ற முடியுமா? ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்டால் குடியிருப்பவர் அடுத்த தெருவில் வீடு பார்க்கிறார். அவர் சம்பளமும் எங்கள் கண்ணெதிரேதான் இருக்கிறது.

பொய் ரசீதுகள் பெருகும் என்று அஞ்சலாம். மேஸ்திரிக்கும் கடைக்கும் வங்கி வழியாகக் கொடுத்த பணத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பான் எண் கேளுங்கள். பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கேளுங்கள். என்னிடம் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடைகளையும் அலுவலகங்களையும் வாடகைக்கு விடுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம், அதைத் தொழில் வருமானமாகக் காட்டி உண்மையான செலவுகளைக் கழிக்க முடிகிறது. சென்னை நிறுவனம் ஒன்றின் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் அதற்கு இடமளித்தது. குடியிருப்பு வீடுகளுக்கு மட்டும் 2024 பட்ஜெட்டில் அந்தக் கதவை அடைத்தீர்கள். 2025 பட்ஜெட்டில், சொந்த உபயோகம் என்று காட்டும் இரண்டாவது வீட்டுக்கும் வரிக்கான வாடகை மதிப்பு சுழியம் என்று நிபந்தனையில்லாமல் அறிவித்தீர்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வரியில்லை. ஒரு குடும்பத்தைக் குடிவைத்து, அவர்கள் தலைமேல் காரை விழாமல் பார்த்துக்கொள்ளச் செலவழிப்பவருக்கு வரி. நகரங்களில் வாடகை வீடு கிடைக்காமல் அலைகிறவர்களை எண்ணிப் பார்த்தால் இது நியாயமாகப் படவில்லை. எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க விரும்பவில்லை.

ஆனால் கோபப்பட நான் இதை எழுதவில்லை, கேட்கத்தான் எழுதினேன். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். சம்பளத்தோடு வாடகையும் சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டும் என்னைப் போன்றவர்களுக்கு, பழுதுபார்த்த செலவைக் கழிக்கும் உரிமை மட்டும் வேண்டும். அடுத்த நிதி மசோதாவில் ஒரு திருத்தம் போதும்.

முன்பக்கப் போர்ஷனின் தளத்தை இன்னும் கொத்தவில்லை. கூடத்து மூலையில் ஈரக்கறை இறங்கத் தொடங்கியிருக்கிறது. அங்கே வயதான தாயும் மகனும் இருக்கிறார்கள். அந்த அம்மாவின் கட்டிலை மூலையிலிருந்து நகர்த்திப் போடச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசிக்குள் வேலையை முடித்தாக வேண்டும். அதற்கும் ரசீது வாங்கி வைப்பேன். அதை ஏற்றுக்கொள்ளும் சட்டத்தைத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
குரோம்பேட்டை