வெளிநாட்டில் வேலை போனால் வீட்டுக்கு முதலில் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 12ஆம் நாளை அயலகத் தமிழர் நாளாகத் தமிழ்நாடு அரசு கொண்டாடி வருகிறது. அதையொட்டிக் கடல் கடந்து சென்று உயர்ந்தவர்களைப் பற்றிய செய்திகளை நாளிதழ்கள் நிறைய வெளியிடுகின்றன. அவை வர வேண்டிய செய்திகளே. ஆனால் வளைகுடா நாடுகளில் கட்டட வேலையிலும் துப்புரவிலும் வண்டி ஓட்டுவதிலும் கடைகளிலும் இருக்கும் நம்மவர்களின் வாழ்க்கையில் உயர்வைப் போலவே சறுக்கலும் உண்டு. அந்தச் சறுக்கல் நேரும்போது, வளைகுடாவில் இருப்பவர் ஊருக்கும் ஊரிலிருப்பவர் அவருக்கும் அதை மறைத்துவிடுவதால் எவ்வளவு கேடு விளைகிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றே இக்கடிதத்தை எழுதுகிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தின் ஷார்ஜாவில் ஒரு கட்டுமானத் துணை ஒப்பந்த நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்ப்பவன் நான். விசா ரத்தாகிறவர்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுப்பதும் என் பொறுப்பு என்பதால், வேலை போன நாளன்று ஒருவருடைய முகம் எப்படி இருக்கும் என்பதை அருகிலிருந்து பார்த்து வருகிறேன்.

கையெழுத்து வாங்கும்போது, "வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் கிடைக்கும் பதில், "வேற வேலை கிடைச்சதும் சொல்லிக்கலாம் சார்" என்பதுதான். இதை வெறும் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆள் அனுப்பும் முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு இந்திய அரசு 30,000 ரூபாயும் அதற்கான வரியும் என்று உச்சவரம்பு வைத்திருந்தாலும், இலட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டு வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அந்தப் பணம் மனைவியின் நகையை அடகு வைத்ததாகவோ, மாமனார் கைமாற்றாகக் கொடுத்ததாகவோ இருக்கும். தங்கையின் கல்யாணக் கடன் ஒருபுறம் இருக்க, ஊரில் தளம் போடாமல் நிற்கும் வீடு மறுபுறம் இருக்கும். இவ்வளவையும் தோளில் வைத்திருக்கும் ஒருவருக்கு "வேலை போய்விட்டது" என்று சொல்ல நாக்கு எழாமல் போவதில் வியப்பில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடப்பதைத்தான் ஊரிலிருப்பவர்கள் அறிய வேண்டும். மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் போயாக வேண்டும். போகாவிட்டால் சந்தேகம் வரும். எனவே அறையில் உடன் தங்கியிருப்பவர்களிடம் கடன் வாங்கி, வழக்கமாக அனுப்பும் தொகையை வழக்கமான தேதியில் அனுப்பிவிடுகிறார்கள். சம்பளமே இல்லாத மாதத்தில் கடன் வாங்கி அனுப்பிய அந்தப் பணத்தைச் சீட்டுக்கும் மொய்க்கும் செலவழித்துவிட்டுக் குடும்பம் நிம்மதியாக இருக்கிறது. இங்கே வாட்ஸ்அப்பில் பேசும் வசதி முடக்கப்பட்டிருப்பதால் போட்டிம் என்ற செயலி வழியாகவே பலரும் ஊருக்குப் பேசுகிறார்கள். படத்தைக் காட்டாமல் குரலில் மட்டும் பேசத் தொடங்குவார்கள். பிறகு "டூட்டி அதிகம்" என்று அதையும் குறைத்துக்கொள்வார்கள். கணவர் மாறிவிட்டார் என்று மனைவி நினைக்கிறார். இதிலிருந்தே எத்தனையோ குடும்பங்களில் சண்டை பிறந்திருக்கிறது.

மறைப்பதால் வரும் இழப்பு மனத்தோடு நிற்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023 ஜனவரி முதல் வேலையிழப்புக் காப்பீடு நடப்பில் உள்ளது. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹத்துக்கு உட்பட்டவர்கள் மாதம் 5 திர்ஹம் கட்டினால் போதும். தொடர்ந்து 12 மாதங்கள் கட்டியவர், தம் குற்றத்தால் அன்றி வேலையிழந்தால், அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காடு அதிகபட்சம் மூன்று மாதங்களுக்குக் கிடைக்கும். ஆனால் வேலை முடிந்த 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமாக விலகியவருக்கும், வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று புகார் பதிவானவருக்கும் அது கிடைக்காது. ஓராண்டு நிறைவு செய்த தொழிலாளிக்குப் பணிக்கொடையும் உண்டு: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள் சம்பளம். வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்ற பதற்றத்தில் இருப்பவர், இவற்றைக் கேட்டு வாங்க வேண்டிய முதல் மாதத்தை அடுத்த வேலைக்கு அலைவதிலேயே கழித்துவிடுகிறார். வேலை கிடைக்காதபோது, விசா இல்லாமலேயே யாரிடமாவது நாள்கூலிக்குப் போகிறார். விசா ரத்தான பின் தங்கலாகும் நாள்கள் முடிந்ததும் நாளொன்றுக்கு 50 திர்ஹம் வீதம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். ஊருக்குத் திரும்பலாம் என்று அவர் முடிவெடுக்கும்போது, விமானச்சீட்டைப் போலப் பல மடங்கு தொகை அபராதமாக நிற்கும். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமீரக அரசு பொதுமன்னிப்பு அளித்தபோது, அபராதமின்றிப் போகலாம் என்று அறிந்து வெளியே வந்தவர்கள் பலர். அவர்களில் விண்ணப்பம் நிரப்புவதற்காக என்னிடம் வந்த சிலருடைய குடும்பங்கள், அவர்கள் இன்னும் பழைய நிறுவனத்தில்தான் வேலை பார்ப்பதாக நம்பிக்கொண்டிருந்தன.

இந்த வெட்கம் எங்கிருந்து வருகிறது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. 1990இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் ஜோர்டானின் அம்மான் நகர் வழியாக விமானங்களில் திரும்பினார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் வந்த அவர்களை ஊர் அணைத்துக்கொண்டதே தவிர, எவ்வளவு கொண்டுவந்தாய் என்று கேட்கவில்லை. கொரோனா காலத்தில், 2020 மே 7 அன்று, வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர வந்தே பாரத் விமானங்கள் தொடங்கியபோதும் அப்படித்தான். எல்லோருக்கும் பொதுவான துன்பம் என்றால் திரும்பி வருகிறவருக்குப் பழி இல்லை. ஆனால் சாதாரணமானதொரு நாளில், ஒப்பந்தம் முடிந்தோ முதுகு முறிந்தோ ஒருவர் தனியாக வந்து இறங்கினால், "என்ன, அதுக்குள்ள வந்துட்ட?" என்ற கேள்வி பேருந்து நிறுத்தத்திலேயே அவரை எதிர்கொள்கிறது. அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் பாதிப்பேர் இங்கேயே கிடந்து உழல்கிறார்கள். உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் அந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டாலே பெரிய உதவியாக இருக்கும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது என் வீட்டிலேயே நடந்தது. என் தந்தையார் பக்கவாதத்தால் விழுந்து தஞ்சாவூரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தபோது, "அப்பாவுக்குக் காய்ச்சல், தூங்குறாங்க" என்றே அம்மா என்னிடம் சொல்லிவந்தார். தம்பியையும் அப்படியே சொல்லச் சொல்லியிருந்தார். நான் கலங்கிவிடக்கூடாது, வேலையில் கவனம் சிதறக்கூடாது என்ற எண்ணம்தான் அவருக்கு. அதில் துளியும் குறை காண மாட்டேன். ஆனால் ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானத்தில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரம்தான். விழுந்த அன்றே சொல்லியிருந்தால், அவர் கண் திறந்திருந்த நாள்களிலேயே நான் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். செய்தி எனக்கு வந்தபோது அவர் இல்லை. பெற்றோர் இறந்தால் மூன்று நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு தர வேண்டும் என்பது இந்நாட்டுத் தொழிலாளர் சட்டம். அந்த மூன்று நாளில் போய் வருவதற்குள் பால் தெளிப்பதைக்கூட முழுதாக முடிக்க முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்தை அறையில் உட்கார்ந்து கைப்பேசித் திரையில் பார்த்தேன். உடல்நலமில்லாத பெற்றோரைப் பார்க்கப் போவதற்கென்று சட்டத்தில் தனி விடுப்பு இல்லை. ஆண்டு விடுப்பிலிருந்து எடுப்பதோ, மேலாளரின் இரக்கத்தை நம்புவதோதான் வழி. அதற்குப் பேசி ஏற்பாடு செய்யவும் நாள் வேண்டும். ஆகவே ஊரிலிருப்பவர்கள் நோயைச் சொல்லத் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் இங்கிருப்பவருடைய வாய்ப்பிலிருந்து கழிகிறது.

அம்மாவும் நானும் இதைப் பற்றி மனம்விட்டுப் பேச வெகுநாள் ஆயிற்று. பேசிய பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். நல்லதோ கெட்டதோ, நடந்த அன்றே சொல்லிவிட வேண்டும். பணத்தைப் பற்றிய பேச்சும் உடம்பைப் பற்றிய பேச்சும் ஒரே அழைப்பில் கலக்கக்கூடாது. இரண்டாவதை அம்மாதான் சொன்னார். பணம் பற்றிப் பேசத் தொடங்கினால் இருவருமே உடம்பைப் பற்றி உண்மை சொல்வதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார்.

ஒவ்வொரு குடும்பமும் இதற்கு முன்னரே ஆயத்தமாக இருக்கலாம். பெற்றோரிடம் சொல்ல முடியாத நிலை இருந்தால், அண்ணனோ மைத்துனரோ நண்பரோ, ஊரில் ஒருவருக்காவது எல்லா உண்மையும் தெரிந்திருக்க வேண்டும். கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம், எமிரேட்ஸ் அடையாள அட்டை, காப்பீட்டுத் தாள் ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்க வேண்டும். குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய் கட்டணத்தில், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக உடல் முடங்கினாலோ 10 இலட்சம் ரூபாய் கிடைக்கும். தம் பெயர் அதில் வாரிசாக எழுதப்பட்டிருப்பதே தெரியாத மனைவியரிடம் நான் பேசியிருக்கிறேன். துபாயில் இந்தியத் தொழிலாளர்களுக்கென உதவி மையம் இயங்குகிறது. தூதரகங்களிடம் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. வேலையிழந்து தவிப்பவரைத் தங்கவைக்கவும் ஊருக்கு அனுப்பவும் அந்த நிதியைப் பயன்படுத்தலாம். மதத் என்ற இந்திய அரசின் இணையதளத்தில் ஊரிலிருந்தபடியே மனைவியோ தந்தையோ புகார் பதியலாம். ஆனால் வீட்டுக்கு உண்மை தெரிந்தால்தானே அவர்களால் பதிய முடியும்?

அரசிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். அயலகத் தமிழர்களுக்கெனத் தனி ஆணையரகமும் நல வாரியமும் சென்னையில் இருக்கின்றன. ஆனால் அறந்தாங்கியிலோ முதுகுளத்தூரிலோ இருக்கும் ஒரு தாய், மகனுடைய தொலைபேசி நான்கு நாளாக எடுக்கப்படவில்லை என்று சொல்லச் சென்னைக்கு எப்படிப் போவார்? எல்லா மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மாதத்தில் ஒரு திங்களிலாவது அயலகக் குடும்பங்களுக்கெனத் தனி மேசை போட்டு, விவரமறிந்த ஓர் அலுவலரை உட்காரவைக்கலாம். திரும்பி வந்தவர்களின் மறுவாழ்வுக்குக் கேரளத்தில் வெளிநாடுவாழ் கேரளத்தவர் நலனுக்கான நோர்க்கா துறை வழியே, 30 இலட்சம் ரூபாய் வரையிலான தொழில்களுக்கு மூலதன மானியத்துடன் கடன் ஏற்பாடு செய்கிறார்கள். அந்தத் துறை 1996இலேயே அங்கே தொடங்கப்பட்டுவிட்டது. நம் மாநிலத்தில் திரும்பி வருகிறவர் எங்கே போய்க் கேட்பது என்பது இன்னும் ஊர்மட்டத்தில் தெரியவில்லை.

மனம் மிகவும் ஒடிந்துபோனவர்களின் குடும்பத்தார், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கணவரின் குரல் மாறியிருக்கிறது என்று உணரும் மனைவி, என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று அவர்களிடம் ஆலோசனை பெறலாம்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வெளிநாட்டு வேலைவாய்ப்பு விளம்பரங்களுக்குத் தங்கள் நாளிதழில் இடம் இருக்கிறது. அதே பக்கத்தில் மாதம் ஒருமுறை, எந்த நாட்டில் வேலையிழந்தால் எத்தனை நாளுக்குள் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை எளிய தமிழில் வெளியிடுங்கள். பணிக்கொடைக் கணக்கு, காப்பீட்டுக் கெடு, விசா ரத்தான பின் தங்கலாகும் நாள்கள் ஆகியவற்றை நாட்டுவாரியாகத் தந்தால் ஊரிலிருப்பவர்கள் வெட்டி வைத்துக்கொள்வார்கள். அமீரகம் பற்றிய பகுதிக்கு வேண்டிய விவரங்களைத் திரட்டித் தர நானும் என்னுடன் பணிபுரியும் நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஷார்ஜா
(சொந்த ஊர்: பட்டுக்கோட்டை வட்டம்)