அலுமினியப் படகுப் பட்டறை தொடங்க நினைக்கும் அண்ணாவுக்கு

கம்பெல் ரிவர்,
பிரிட்டிஷ் கொலம்பியா

அன்புள்ள அண்ணா,

இங்கு எல்லோரும் சுகம். பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. சால்மன் பருவம் முடிந்து படகுகள் கரையேறிய பிறகுதான் பட்டறைக்கு வேலை கூடும். அடுத்த கோடைக்கான ஓடர்கள் இப்போதுதான் வருகின்றன.

திருகோணமலைத் திருக்கடலூரில் பைபர் போட் வேலையோடு அலுமினியப் படகும் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம். ஆனால் இங்குள்ள படகுக் கம்பனி எதனால் வளர்ந்தது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கெட்டிக்கார வெல்டர்மார் இருந்தது பாதிக் காரணம்கூட இல்லை. ஆளுக்கொரு படகு, ஆளுக்கொரு அளவு என்று செய்வதை நிறுத்திய நாளிலிருந்துதான் வளர்ச்சி. ஒரே உடலை வைத்துக்கொண்டு நீளத்தையும் மேல்தட்டையும் மட்டும் மாற்றுகிறார்கள். தகடுகளைக் கம்ப்யூட்டர் மெசின் வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் இலக்கமும், அடுத்த துண்டு பொருந்தும் வெட்டும் இருக்கும். அளவுநாடா எடுக்கும் வேலையே குறைந்துபோனது. நீங்கள் பைபருக்கு அச்சு வைத்திருக்கிறீர்கள் அல்லவா, இங்கே அந்த இடத்தில் இரும்புச் சட்டம். அதில் படகைக் கவிழ்த்துக் கட்டுகிறார்கள்.

அலுமினியப் படகு புதிதல்ல. யுத்த விமானம் செய்த குருமன் கம்பனி 1945இல் அலுமினிய ஓடமும் செய்யத் தொடங்கியது. 1948இல் மினசோட்டாவில் ஹோவர்ட் லண்ட் தன் முதல் அலுமினியப் படகைச் செய்தார். அவை மெல்லிய தகட்டில் ரிவெட் அடித்தவை, ஏரிக்குப் போதும். மணலில் இழுத்து ஏற்றும் நம் கடலுக்குத் தடித்த தகட்டை வெல்டிங் செய்ததுதான் சரி.

தகடு 5083 அல்லது 5086 என்ற இலக்கமுள்ள அலுமினியக் கலவையாக இருக்கவேண்டும். யன்னல், கதவு செய்யும் 6063 கலவையைப் படகின் உடலுக்குத் தொடவே வேண்டாம். எட்டுக்கு நாலடி, 4 மி.மீ. தகடு ஏறத்தாழ 32 கிலோ. ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் இடையில் ஈரம் புகுந்து வெள்ளைக் கறை பிடிக்கும், நிமிர்த்தி வையுங்கள்.

வெல்டிங்கில்தான் காசும் போகும், பெயரும் போகும். கம்பியைத் தானாகத் தள்ளும் மிக் வெல்டிங் மெசின், 5356 இலக்க அலுமினியக் கம்பி, ஒட்டும் இடத்தைக் காற்றுப் படாமல் மூடும் சுத்த ஆர்கன் வாயு. கம்பி மென்மையானது, நீளக் குழாயில் தள்ளினால் உருளையடியிலேயே சிக்கிக்கொள்ளும். அதனால் கம்பிச்சுருள் கைப்பிடியிலேயே இருக்கும் கன் வாங்குங்கள். அலுமினியம் 660 பாகையில் உருகும், அதன் மேலுள்ள ஒட்சைட்டு தோலுக்கு 2000 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே முதலில் அசெற்றோனால் துடைத்து, பிறகு ஸ்டெயின்லெஸ் பிரஷால் தேய்க்கவேண்டும். வரிசையை மாற்றினால் எண்ணெய் உள்ளே தேய்ந்துவிடும். இரும்பில் பட்ட பிரஷை இதற்குப் பாவிக்கக்கூடாது.

ஈரம் இருந்தால் உலோகத்துக்குள் நுண்துளை விழும். இங்கே வெளிக்குளிரில் கிடந்த தகடு சூடான பட்டறைக்குள் வந்ததும் வியர்க்கும், அது காயும்வரை யாரும் கை வைக்கமாட்டார்கள். உங்களுக்குக் குளிர்ப் பிரச்சினை இல்லை, காற்றுதான். திறந்த வாடிக்குள் கடற்காற்று ஆர்கனை அள்ளிக்கொண்டு போய்விடும். நாலு பக்கமும் சுவர் இல்லாமல் மெசின் வாங்காதீர்கள். ஓலைக் கொட்டிலில் வேலை நடக்கும் என்று யாராவது சொன்னால் அவர் அலுமினியம் ஒட்டியவர் அல்ல.

சூட்டில் இது இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். நீளமாக ஒரே இழுப்பில் ஒட்டினால் அடித்தளம் அலையலையாகிவிடும். முதலில் புள்ளி புள்ளியாகப் பிடித்து, பிறகு நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறிச் சிறு சிறு துண்டாக ஒட்டவேண்டும். முடிக்கும் இடத்தில் சற்றுத் திரும்பி வந்து குழியை நிரப்பாவிட்டால் அங்கேதான் முதல் வெடிப்பு. இன்னொரு வெடிப்பு எஞ்சின் பூட்டும் பின்பலகையின் மூலைகளில் வரும். நீளச் சட்டத்தைத் தகட்டின் நடுவில் மொட்டையாக நிறுத்தினாலும் அந்த நுனியில் வெடிப்பு விடும், குறுக்குச் சட்டம்வரை கொண்டுபோய் முடியுங்கள்.

சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் செய்த பைபர் போட்டுகளில் குறை உள்ளே மறைந்திருந்தது உங்களுக்குத் தெரியும். இதிலும் மறையும். வெல்டிங் ஒட்டின் ஒரு பக்கம் சோக்கட்டித் தூளைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுங்கள். ஓட்டை இருந்தால் வெள்ளையில் கறை கசியும்.

செம்பு கலந்த அடிப்பூச்சு அலுமினியத்தைத் தின்றுவிடும். உள்ளே விழுந்த செம்புக் கம்பி, ஈயக்குண்டு எல்லாம் பொறுக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு அடியில் நைலோன் வாசர் போடுங்கள். பற்றரியின் நெகட்டிவை உடலில் பூட்டவே வேண்டாம்.

முதலில் பழுதுபார்க்கும் வேலையும் சிறு தாங்கிகளும் (டாங்கிகளும்) செய்து கை பழகட்டும். அதற்கிடையில் ஒரு நல்ல 18 அடிப் போட்டை எடுத்து, அணியத்திலிருந்து (முன்முனையிலிருந்து) இரண்டடிக்கு ஒருமுறை அகலமும், ஏராவிலிருந்து (அடிநடுக் கட்டையிலிருந்து) விளிம்புவரை உயரமும் அளந்து அனுப்புங்கள். எஞ்சின் எத்தனை குதிரைவலு, நாளாந்தம் மணலில் ஏற்றுவதா கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டி விடுவதா என்றும் எழுதுங்கள். அடித்தகடு 4 மி.மீ.யா 5 மி.மீ.யா என்பதை அதை வைத்துத்தான் சொல்லலாம்.

அன்புடன்,
தம்பி