அரிமா சங்கத் தலைவராகியிருக்கும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம். ஜூலை 1 முதல் உங்கள் ஊர் அரிமா சங்கத்துக்கு (லயன்ஸ் கிளப்) நீதான் தலைவர் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. கண் சிகிச்சை முகாமை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். ஹெலன் கெல்லர் 1925இல் ஒஹையோவில் நடந்த மாநாட்டில் பார்வையற்றோருக்குத் துணை நிற்கும்படி அரிமாக்களிடம் கேட்டார். அன்றிலிருந்து இது நம்முடைய வேலை. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் தேதி. அக்டோபர் பாதிக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும்; கிழவர்களும் கிழவிகளும் நனைந்துகொண்டு வரமாட்டார்கள். செப்டம்பரில் ஒரு ஞாயிறு பார். உங்கள் பக்கம் நடவு எப்போது என்று விசாரித்துவிட்டு முடிவு செய். நடவு நாளில் கூலியை விட்டுவிட்டு யாரும் கண்ணைக் காட்ட வரமாட்டார்கள்.

டாக்டர்கள், கருவிகள், கண்புரை அறுவை சிகிச்சை, லென்ஸ் எல்லாம் கண் மருத்துவமனையின் பொறுப்பு. மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கத்தின் அனுமதியையும் அவர்களிடமே பேசிக்கொள். இடம், விளம்பரம், ஆட்கள், சாப்பாடு நம்முடையது. நோட்டீஸில் தலைவர் படத்தைச் சின்னதாக்கி, ஒரு வரியைப் பெரிதாகப் போடு: "காலையில் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வரவும்." ரத்தம் எடுப்பார்கள் என்று நினைத்துப் பலர் வெறும் வயிற்றோடு, சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு வந்துவிடுவார்கள். பிரஷர் எகிறி நிற்கும், ஆபரேஷன் தள்ளிப்போகும். ஆதார் நகல், பழைய கண்ணாடி, மருந்துச் சீட்டு, இரண்டு நாளுக்கு மாற்றுத் துணி, வீட்டார் கைபேசி எண் இவற்றையும் அதிலேயே கேட்டுவிடு.

இடத்துக்குப் பள்ளிக்கூடம்தான் சரி. பார்வை அட்டைக்கும் ஆளுக்கும் நடுவே 6 மீட்டர் வேண்டும் என்பதால் நீளமான வராந்தா பார்த்து, சாக்பீஸால் கோடு போட்டுவிடு. அட்டையின் மேல் நல்ல வெளிச்சம் விழவேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஆங்கில 'E' வடிவம் திரும்பித் திரும்பி இருக்கும் அட்டையை வாங்கிவை. டாக்டர் கண்ணுக்குள் பார்க்க ஓர் இருட்டறை வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினால் போதும். கழிப்பறைச் சாவியை முந்தின நாளே கேட்டு வாங்கிவிடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பதிவு, பார்வைச் சோதனை, கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, டாக்டர், ஆலோசனை என்று ஒரே திசையில் வரிசை போகட்டும். நெரிசல் எப்போதும் பார்வைச் சோதனையில்தான். பதிவு மேசை ஒரு நிமிடத்தில் ஓர் ஆளை அனுப்பிவிடும். அட்டையில் இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பார்க்க அதைப்போலச் சில மடங்கு நேரம் பிடிக்கும். ஆகவே நாலு அட்டையாவது மாட்டு. டாக்டர் பார்ப்பதற்காகக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டவர்களுக்குச் சில மணி நேரம் கண் கூசும், பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். அவர்களை வண்டி ஓட்ட விடாதே.

இனி சொல்வதுதான் முக்கியம். எத்தனை பேர் வந்தார்கள் என்று பத்திரிகைக்குக் கொடுப்பதில் பயனில்லை. ஆபரேஷனுக்குத் தேர்வானவர்களில் எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள் என்று எண்ணு. பயம், பேரனைப் பார்க்க ஆளில்லை, "மகனைக் கேட்கணும்", "புரை இன்னும் முத்தட்டும்" என்று பஸ் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். முத்த விடுவது பழைய காலத்து வழக்கம். இப்போது லென்ஸ் வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு அது தேவையே இல்லை. முற்றினால் எடுப்பதுதான் சிரமம். ஆலோசனை மேசையில் பேசத் தெரிந்த பெண்கள் இரண்டு பேரை உட்காரவைத்து, மகனுக்கு அங்கேயே போன் போடச் சொல்.

ஆபரேஷன் முடிந்து அவர்கள் திரும்பி வந்ததும் ஐந்து நோயாளிக்கு ஓர் உறுப்பினர் என்று பிரித்துக் கொடு. சொட்டு மருந்து சொன்னபடி விடுகிறார்களா, கண்ணில் தண்ணீர் படாமல் இருக்கிறார்களா என்று வீட்டுக்கே போய்ப் பார்க்கட்டும். கண் சிவந்தாலோ வலித்தாலோ பார்வை குறைந்தாலோ காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போகவேண்டும். ஒரு மாதம் கழித்து அதே பள்ளியில் மறுபரிசோதனை வை. கண்ணாடி அப்போதுதான் சரியாக அமையும்.

சங்கக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். அந்த ஐந்து வீட்டுப் பொறுப்பே ஆளைக் கூட்டி வரும். பேசுவதற்கு விஷயம் இருக்கும் அல்லவா? டெயில் ட்விஸ்டர் பதவியையும் சும்மா விட்டுவிடாதே. சின்னச் சின்ன அபராதம் போட்டுச் சிரிக்க வைக்கத்தான் அந்த ஆள். ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் அபராதம் கூடாது. டெயில் ட்விஸ்டருக்கே அபராதம் என்றால் வந்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஒத்துக்கொள்ளவேண்டும். வசூலானதை அங்கேயே பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கச் சொல்.

பணம் பற்றி ஒன்று. சேவைக் கணக்கும் நிர்வாகக் கணக்கும் தனித்தனியாக இருக்கட்டும். முகாமுக்கென்று கடைவீதியில் வாங்கிய நன்கொடையில் சங்கக் கூட்டத்தின் டீச்செலவைக்கூட எழுதக்கூடாது.

மருத்துவமனையில் தேதி கிடைத்ததும் எழுது. நோட்டீஸ் வாசகத்தை அனுப்பிவை, திருத்தித் தருகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய நண்பன்