நாயகி அணியும் உடையில் பாதுகாப்புக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

பெண்ணை நாயகியாக்கிச் சண்டைப் படம் எடுப்பவர்கள் முதலில் உடையைக் கவனிக்கட்டும். கையும் வயிறும் தெரியும் இறுக்கமான உடைக்குள் முழங்கைப் பட்டையோ கயிறு கட்டும் ஹார்னஸோ மறையாது. பாதுகாப்பின்றி விழுவதால், நாயகிக்குப் பதிலாகச் சண்டையிடும் டூப் கலைஞருக்கு அடிபடுகிறது. ஹை ஹீல்ஸால் கணுக்கால் சுளுக்குகிறது. சில படப்பிடிப்புகளில் ஆண் கலைஞருக்கே விக் மாட்டி நாயகிக்கு டூப் போட வைக்கிறார்கள். உடல்வாகு வேறு என்பதால் ஷாட்டுகளைத் துண்டு துண்டாக வெட்ட நேர்கிறது. நாயகி அடித்த அடி திரையில் பதிவதே இல்லை!

துணி வெட்டுமுன் ஸ்டண்ட் மாஸ்டரைக் கேளுங்கள். டூப்புக்கு ஓர் அளவு பெரிய தனி உடை, முழுக்கை, தட்டைக் காலணி தையுங்கள், வாங்குங்கள். உச்சக்கட்ட முடிவை நாயகியே எடுக்கிறாளா என்றும் திரைக்கதையில் பாருங்கள். பல கதைகளில் அதைத் தந்தையோ காதலனோ பறித்துக்கொள்கிறார்.

- ஒரு வாசகர்